மூக்குக்காகப் பிடித்த நோன்பு

நிஸ்தாருக்கு முன்னால் அவனுடைய மூக்கு நடந்து போகும் என்று காத்தான்குடியில் சொல்வார்கள். முடுக்குத் திரும்பும்போது முதலில் மூக்கு வரும், கொஞ்சம் பொறுத்து ஆள் வருவான். ஊர் கூட்டிச் சொல்லும்தான். ஆனால் கூட்டுவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே. அது தாராளமாக இருந்தது. நெற்றியிலிருந்து யோக்கியமாகத்தான் புறப்படும். பாதி வழியில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் ஒரு மேடு கட்டி, இடப்பக்கமாகச் சற்று விலகி, மேலுதட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு முடியும்.

வயது முப்பத்து மூன்று. பிரதான வீதியில் ஒரு பெரிய புடைவைக் கடையில் சாரிப் பகுதி அவன் பொறுப்பு. அவன் சாரியை உதறி விரிக்கிற அழகில் வாங்க வராதவர்களும் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் காசாளரிடம் போய், “அந்த மூக்கன் காட்டின பச்சைச் சாரியத் தாங்க” என்பார்கள்.

கொரோனாவுக்கு முந்திய நிஸ்தார் மூக்குச் சத்திரசிகிச்சையில் பட்டம் வாங்காத நிபுணன். துருக்கியில் எந்த வைத்தியர் எலும்பை அராவுகிறார், கொரியாவில் யார் காது மடலிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மூக்கு நுனிக்கு முட்டுக் கொடுக்கிறார் என்பதெல்லாம் கைபேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த மேட்டை ஆட்காட்டி விரலால் மறைத்துப் பார்ப்பான். விரலுக்குப் பின்னால் ஓர் அழகன் நின்றான். அவனைச் சந்திப்பதற்காகவே சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அல்லாஹ் தந்தத அராவப் போறியா?” என்று அகீலா ராத்தா கேட்பாள். அவனுடைய ஒரே சகோதரி, அவனைவிட ஆறு வயது மூத்தவள். “அராவினா மிச்சத்த என்ன செய்யிற? ஆருக்கும் தானம் சதக்கா குடுக்கவும் ஏலாது.”

பிறகு கொரோனா வந்தது. அந்த நாட்களில் ஊர் பட்ட பாட்டை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எழுதட்டும். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அரசாங்கம் வர்த்தமானி போட்டு நிஸ்தாருடைய மூக்கை மூடிவிட்டது.

முகக்கவசத்துக்குள் எல்லாருக்கும் மூச்சு முட்டியது. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாரி வாங்க வந்த ஒரு பெண்பிள்ளை, “தம்பிட கண் நல்ல வடிவு” என்றாள். கண்ணா? முப்பது வருடமாக அது அங்கேயேதான் இருந்தது. மூக்கைத் தாண்டி அவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை. இரண்டு வருடமாக அவன் மூக்கு வீடியோ ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கைபேசியே அலுத்துப்போய், துருக்கி வைத்தியர்களைக் கைவிட்டு ஆட்டுக்கால் சூப் வைக்கும் முறைகளைக் காட்டத் தொடங்கியது. சீட்டுக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினான். மூடிவைத்த பண்டத்துக்கு எவன் செலவழிப்பான்?

அந்த மூடின முகத்துக்குத்தான் ஏறாவூரிலிருந்து சம்பந்தம் வந்தது.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைத் தேடி வருவதும், மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே குடிபோவதும் எங்கள் பக்கத்து வழக்கம். நிஸ்தாருடைய உம்மாவின் வீடு வழக்கப்படி அகீலா ராத்தாவுக்குப் போயிற்று. அவன் அதன் முன்னறையில், ராத்தாவின் பிள்ளைகளுடைய சைக்கிள்களோடு சைக்கிளாகப் படுத்தான். ஆகவே கலியாணம் என்றால் அவனுக்குப் பெண் மட்டுமல்ல, தலைக்கு மேல் கூரையும்.

பெண்ணின் வாப்பா முகைதீன்பாவா ஹாஜியார், ஏறாவூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய விசிட்டிங் கார்ட் இரண்டு பக்கமும் அச்சடித்தது. முன்பக்கத்தில் அகில இலங்கைச் சமாதான நீதவான். பின்பக்கத்தில் தலைவர், உப தலைவர், பொருளாளர், போஷகர். எதற்கு என்று எழுத இடம் போதவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்பதென்றாலும் சபையோரை விளித்துத்தான் கேட்பார்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பெண் பார்க்கப் போனார்கள். ஹிஜாபும் முகக்கவசமுமாக வந்து நின்ற மணப்பெண் ரிப்காவிடம் கண்கள் மட்டும் தெரிந்தன. அவனிடமும் அதேதான். கண்கள் கண்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தன. அவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனதும் கட்லட்டும் பால் தேநீரும் வந்தன.

“எடுங்க மருமகன், சுடச்சுட எடுங்க. மாஸ்க்கக் கழட்டுங்க, இஞ்ச நம்மட ஆக்கள்தானே.”

நிஸ்தாரின் கை காதுக்குப் போனது. திரைச்சீலையின் இடுக்கில் அந்தக் கண்கள் இன்னும் நின்றன. கை திரும்பி மடிக்கு வந்தது.

“நான்... நோன்பு மாமா.”

வாயில் வைத்த கட்லட்டோடு அகீலா ராத்தா அப்படியே நின்றாள். காலையில் அவன் தின்ற நாலு ரொட்டியையும் சுட்டுப் போட்டவள் அவள்தான்.

திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பது கடமையல்ல, விரும்பியவர்கள் பிடிப்பது. அதனால்தான் ஹாஜியாரின் முகம் கடைத்திறப்பு விழாப்போல் ஒளிர்ந்தது. “வியாழக்கிழமை நோன்பு! இந்தக் காலத்துல, இந்த வயசுல! சபையோரே...” சபையில் அவருடைய மச்சானும் ஒரு பூனையும் இருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ராத்தா பின்னாலிருந்து அவன் முதுகில் குத்தினாள். “என்னத்துக்குடா இந்தப் பொய்?”

“ஒருக்காத்தானே ராத்தா.”

ஹாஜியார் அதை ஒருக்காவோடு விடுகிற ஆளா? மகளுக்குக் கட்டுகிற வீட்டின் நிலை வைக்க அழைத்தார், ஜன்னல் பார்க்க அழைத்தார், குளியலறை வடக்கிலா தெற்கிலா என்று கேட்க அழைத்தார். ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டு மேசை காத்திருந்தது. நிஸ்தார் திங்களிலும் வியாழனிலும் மட்டுமே ஏறாவூருக்குப் போனான். ஹாஜியார் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியோடு மருமகனின் மார்க்கப் பேணுதலையும் கேட்டுக்கொண்டு போனார்கள். “என்ட மருமகன் பகல்ல தண்ணி குடிச்சி நான் கண்டதில்ல” என்று பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இதற்கிடையில் ரிப்கா கைபேசியில் பேசத் தொடங்கியிருந்தாள். அவள் வீட்டில் தையல் வேலை செய்பவள். பகிடிக்காரி. வாப்பா பேசுகிற மாதிரி பேசிக்காட்டி, “சபையோரே, உப்பைத் தாங்க” என்பாள். ஒருநாள் அவளுடைய அழைப்பு வராவிட்டால் சாரியைத் தலைகீழாக மடிக்கிற நிலைக்கு நிஸ்தார் வந்துவிட்டான். முப்பத்து மூன்று வருடத்தில் அவனைப் பார்த்து அல்லாமல் அவனோடு சேர்ந்து சிரித்த முதல் பெண்.

ஒரு திங்கள் பகல் கடையின் பின்னால், துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்று பணிஸ் தின்றுகொண்டிருந்தபோது அவள் அழைத்தாள்.

“நோன்பா?”

“ம்.”

“நானும்தான். நீங்க பிடிக்கிற நாளெல்லாம் நானும் பிடிக்கன். உங்களுக்குச் சொல்லல்ல. இண்டைக்குக் காஸ் சிலிண்டரும் இல்ல, விறகும் நனைஞ்சி போச்சி. விடியமுந்தி ஸஹருக்கு ஒண்டும் ஆக்க ஏலாமப் போச்சி. சும்மா தண்ணியக் குடிச்சிட்டுப் பிடிச்சிருக்கன். நீங்களும் அங்க பட்டினிதானே எண்டு நினைச்சாப் பசிக்கல்ல.”

அவன் வாயில் பணிஸ் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நோன்பு பொய் என்றால் ஏன் பொய் என்று கேட்பாள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது, அது அவன் முகத்தின் நடுவில் இருந்தது.

உண்மையாகவே பிடித்துவிட்டால் என்ன என்று அடுத்த திங்கள் முயன்றும் பார்த்தான். பதினொரு மணிக்குச் சாரிக் கட்டொன்றைத் தூக்கும்போது கண் இருட்டியது. பேணுதல் அந்த இடத்தில் முடிந்தது.

ரமழான் பிறந்தது. அந்த மாதம் அவனுக்குப் பெரிய நிம்மதி. ஊரே நோன்பு, அவனும் நோன்பு, பொய்க்கு வேலையில்லை. நோன்பு திறக்க வரச்சொல்லி ஹாஜியார் அழைத்தபோதெல்லாம் பெருநாள் வியாபாரம், கடை பூட்ட நடுச்சாமம் ஆகிறது என்றான். அதுவும் உண்மைதான். இப்படியே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு அறிவித்தல்கள் வந்தன. இனி முகக்கவசம் கட்டாயமில்லை என்றது சுகாதாரப் பகுதி. பெருநாள் பகல் சாப்பாடு நம்மட ஊட்ட என்றார் ஹாஜியார்.

வருடத்தில் நோன்பு பிடிக்கக் கூடாத நாட்கள் சில உண்டு. அதில் முதலாவது பெருநாள்.

அன்று மாலையே பழைய வியாதி திரும்பிவிட்டது. நிஸ்தார் கைபேசியைத் திறந்து மூக்கு என்று தட்டினான். இரண்டு வருடம் காணாமல்போன வாடிக்கையாளனைக் கண்டதுபோல் துருக்கி வைத்தியர்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். கொழும்பில் மூக்கு வேலை செய்கிற தனியார் கிளினிக் ஒன்றின் இலக்கத்தைத் தேடி எடுத்தான். மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம். பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வீங்கினாலும் பரவாயில்லை, புதிய வடிவம் தெரிந்தால் போதும். மூக்குச் சரியானால் முகம் திறக்கலாம். முகம் திறந்தால் பொய் நோன்பை விட்டுவிடலாம். விட்டுவிட்டால் அவள் முன்னால் சுத்தமான மனிதனாகச் சாப்பிட உட்காரலாம். பொய்யைச் சொன்னது வாய். வெட்டச் சொல்லிப் போனது மூக்கை.

“சேர், நீங்க பிந்திட்டீங்க” என்றாள் கிளினிக்கில் பேசிய பெண். “மாஸ்க் காலத்துலதான் எங்களுக்கு ஆக்கள் குவிஞ்சாங்க. வெட்டிட்டு மாஸ்க்க போட்டுக்கிட்டா வீக்கம் யாருக்கும் தெரியாது. ரெண்டு மாசத்துல புது மூக்கோட வெளிய வந்தாங்க. நீங்க ஏன் அப்ப வரல்ல?”

ஏன் வரவில்லை? மூடியிருந்ததால் மறந்துபோயிற்று என்று எப்படிச் சொல்வது?

“நாட்டுல டொலர் இல்லாம இப்ப மயக்க மருந்து வாறதில்ல சேர். கரண்டும் இல்ல. அவசரக் கேஸ் மட்டுந்தான் டொக்டர் எடுக்கிறார்.”

“இது அவசரந்தான் தங்கச்சி.”

“மூச்சு விட ஏலுமா?”

“ஏலும்.”

“அப்ப அவசரமில்ல சேர்.”

நேரில் போய் வைத்தியரின் காலில் விழுவது என்று முடிவு செய்தான். ஆரையம்பதியில் வான் ஓட்டுகிற உதயரூபன் அவனுடைய பள்ளிக்காலத்துச் சிநேகிதன், விஷயம் முழுவதும் தெரிந்த ஒரே ஆண். வானில் டீசல் இல்லை. நாட்டிலேயே இல்லை. இருவரும் எரிபொருள் நிலைய லைனில் வானைத் தள்ளித் தள்ளி இரண்டு நாட்கள் கிடந்தார்கள். முன்னால் ஓர் உழவு இயந்திரமும் ஒரு லொறியும் மட்டுமே மிச்சமிருந்தபோது டீசல் முடிந்தது. லொறிக்காரன் இறங்கி அழுதான். அவனுக்காவது மீன் பழுதாகிறது என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது.

அன்று நோன்பு திறந்த பிறகு வாவிக்கரையில் வைத்து நிஸ்தார் கேட்டான்: “மச்சான், எனக்கு ஒரு குத்து விடு.”

“என்னது?”

“மூக்குல. உடையிற மாதிரி. உடைஞ்சா அவசரக் கேஸ். இஞ்ச ஆஸ்பத்திரியிலயே நேராக்கி விடுவாங்க.”

“டேய், ஒரு பொம்புளைக்காகக் கையை வெட்டினவனக் கண்டிருக்கன். மூக்குக்கு ஆள் வைச்சு அடிக்கிறவன இண்டைக்குத்தான் காணுறன். அந்தப் புள்ளைட்ட உண்மையச் சொல்லேன்டா.”

“சொன்னாப் போயிருவா.”

“மூக்கப் பாத்தா?”

“மூக்கப் பாத்தா.” அவன் முகத்தை முன்னால் நீட்டினான். “எல்லாரும் மூக்கப் பாத்துத்தான்டா போன. நீ குத்து.”

உதயரூபன் குத்தினான். சிநேகிதனைக் குத்துகிற குத்து எப்படியிருக்கும்? பாதி வழியில் மனம் இரங்கி, மிச்சப் பாதியில் வந்து விழுந்தது. ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த தாதி மகிழ்ச்சியோடு சொன்னாள்: “பயப்படாதீங்க, ஒண்டும் உடையல்ல. நல்ல பலமான மூக்கு.”

பெருநாள் விடிந்தபோது அது முன்னிருந்ததைவிடப் பெரிதாகி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அகீலா ராத்தா அவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். அன்று அவள் பகிடி விடவில்லை. “தம்பி, போய் வாயத் திறக்காமச் சாப்பிட்டுட்டு வா” என்றாள். சாப்பிடுகிறவன் எப்படி வாயைத் திறக்காமல் சாப்பிடுவது என்று அவனும் கேட்கவில்லை.

ஹாஜியார் வீட்டில் நிலத்தில் பாய் விரித்து, நடுவில் சஹன் வைத்திருந்தார்கள். நாலு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணுகிற பெரிய தாம்பாளம் அது. முகத்துக்கு முகம், அரை முழ இடைவெளி. மறைய வழியில்லை. ஹாஜியார், அவருடைய மச்சான், பள்ளிவாசல் செயலாளர், நிஸ்தார். செயலாளரை ஹாஜியார் வேண்டுமென்றே அழைத்திருந்தார்; நல்ல சாமான் வாங்கினால் நாலு பேருக்குக் காட்ட வேண்டுமல்லவா? உள்ளே திரைச்சீலை அசைந்தது.

“சபையோரே, வருசம் முழுக்க நோன்போட இருக்கிற என்ட மருமகன் இண்டைக்குத்தான் நம்மட ஊட்ட முதல் சோறு திங்கிறாரு. பிஸ்மி சொல்லுங்க.”

நிஸ்தார் கண்களை மூடிக்கொண்டு முகக்கவசத்தைக் கழற்றினான். யாராவது சிரிப்பார்கள், யாராவது இருமுவார்கள், உள்ளே ஒரு வளையல் சத்தம் கேட்டு ஓய்ந்துவிடும் என்று காத்திருந்தான்.

மச்சான் கோழிக்காலைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினார். “திண்ணுங்க மனே.”

“மூக்குல என்ன, பட்டிச்சா?” என்றார் செயலாளர்.

“ஓம்... விழுந்திட்டன்.”

“ஆ. அந்த அச்சாற இஞ்சால தள்ளுங்க.”

அவ்வளவுதான். அவன் கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லாரும் புரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் மென்றுகொண்டே சொன்னார்: “உங்கட வாப்பாக்கும் இதே மூக்குத்தான் மனே. சைக்கிள்ல புடைவ கட்டிக்கொண்டு வருவாரு. மூக்கர் வாறாரு எண்டுதான் சொல்லுவம். தங்கமான மனுசன். சம்பந்தம் பேச வரக்குள்ளயும் மூக்கன் நிஸ்தார்ட ஊடு எங்க எண்டு கேட்டுத்தானே நாங்க வந்து சேந்த.”

“அப்ப... உங்களுக்குத் தெரியுமா?”

“என்னத்த?”

“என்ட மூக்க.”

“அது தெரியாம? ஊரே அடையாளம் சொல்லிச்சே.”

பல மாதங்களாக நிஸ்தாரின் நெஞ்சில் அடைபட்டிருந்த காற்று முழுவதும் ஒரேயடியாகச் சிரிப்பாக வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, கையில் கோழிக்காலோடு சிரித்தான். சிரித்த வேகத்தில் சொன்னான்: “அப்ப நான் நோன்பு நோன்பெண்டு பொய் சொன்னதெல்லாம் சும்மாவா மாமா?”

முகக்கவசம் மூக்கை மட்டுமல்ல, வாயையும் மூடியிருந்தது என்பதை அவன் அதுவரை யோசிக்கவில்லை.

நாலு கைகளும் சஹனில் நின்றன. ஹாஜியாரின் விரல்களுக்கிடையில் ஒரு கவளம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. எத்தனை சபைகளில் சொன்ன கதை! எத்தனை ஆணிக்காரர்கள்! ஆனால் முப்பது வருடம் மேடைகளில் நின்றவர். மைக் நின்றுபோனால் எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்.

“ஹ... ஹ... பாத்தீங்களா சபையோரே! பேணுதலான ஆக்கள் இப்பிடித்தான். செய்யிற நல்ல அமல மறைக்கிறதுக்கு என்னவும் சொல்லுவாங்க!”

“மாஷா அல்லாஹ்” என்றார் செயலாளர். கவளம் வாய்க்குப் போனது.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜியார் அவனைக் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த புதுவீட்டுக்குக் கொண்டு போனார். சீமெந்து இல்லாமல் வேலை நின்ற வீடு. கூரை இன்னும் ஏறவில்லை. அங்கே அவருக்குச் சபையோர் இல்லை. குரல் சிறுத்து, சாதாரணக் கிழவராகிவிட்டார்.

“நீ சொன்னது பகிடி. விளங்கிச்சா?”

“மாமா, நான்...”

“பகிடி. இனி உண்மையாப் பிடி. திங்களும் வியாழனும். ஊர்ல நான் தலை நிமிந்து நடக்கணும். கலியாணத்துல ஒரு மாத்தமும் இல்ல.” தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கலியாணம் தப்பிவிட்டது. நிஸ்தார் அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அப்போது நிலைக்கதவு வைக்காத வாசலில் ரிப்கா வந்து நின்றாள்.

முகக்கவசம் இல்லை. கன்னத்தில் ஒரு பழைய அம்மைத் தழும்பு; முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது. அவளுக்கும் ஒரு முகம் இருக்கும் என்பதை இத்தனை மாதத்தில் ஒருதடவைகூட யோசித்ததில்லை என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வாப்பா சொன்ன மாதிரிப் பகிடியா?”

ஓம் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஹாஜியார் வழி வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

“இல்ல” என்றான்.

“ஒரு நாளும் பிடிக்கல்லயா?”

“ஒரு திங்கள். பதினொரு மணி வரைக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏறிய பல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. “நான் தண்ணியோட பிடிச்ச அண்டைக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“பணிஸ்.”

“ஃபோன்ல கதைக்கக்குள்ள பேசாம இருந்தீங்க. துஆ ஓதுறீங்களாக்கும் எண்டு நானும் பேசாம இருந்தன்.”

அவன் தலை குனிந்தான். “மூக்க நினைச்சித்தான் ரிப்கா. நீ பாத்தா...”

“முதல் நாளே பாத்துட்டன். அந்த மாஸ்க் பாதி மூக்குக்குத்தானே காணும், மத்தப் பாதி வெளியிலதான் நிண்டிச்சி. அதோடதான் ஓமெண்டன். விடிய எழும்பி நிண்டது அல்லாஹ்வுக்குத்தான். அதுல குறையில்ல. ஆனா நீங்களும் அங்க எழும்பியிருப்பீங்க எண்டு நினைச்சித்தான் இருட்டுல பயமில்லாம இருந்தன். நான் தனியத்தான் நிண்டிருக்கன்.”

“இனிப் பிடிக்கன். சத்தியமா.”

“எப்பிடி நம்புற? தொழுதா ஆக்கள் பாப்பாங்க. நோன்பு அப்பிடியா? நீங்க நோன்பெண்டு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்.”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வெயிலில் முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கைபேசியை எடுக்கவில்லை. அவள் வாப்பாவிடம் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று மட்டும் தெரியும். ஹாஜியாருக்கு ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. தான் ஏமாந்தேன் என்று சொல்ல விசிட்டிங் கார்டில் இடமில்லை. ஆகவே பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொன்னார்: “மருமகனா வர இருந்தவரு துனியாவ வெறுத்துட்டாரு சபையோரே. கலியாணமும் வேணாமாம், ஊடும் வேணாமாம், தொழுகை இபாதத்து மட்டும் போதுமாம். நான் எப்பிடித் தடுக்க?”

இந்தச் செய்தி ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்கு டீசல் இல்லாமலே வந்து சேர்ந்தது. நிஸ்தாரைக் கண்டால் வயதானவர்கள் எழுந்து வழி விட்டார்கள். சாரி வாங்க வந்தவர்கள் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு துஆக் கேட்டார்கள். வேறு சம்பந்தம் எதுவும் வரவில்லை. துனியாவை, இந்த உலகத்தையே, வெறுத்த மனிதனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஆவணி மாதத்தில் கொழும்புக் கிளினிக்கிலிருந்து அந்தப் பெண் பேசினாள். மயக்க மருந்து வந்துவிட்டதாம், திகதி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் தங்கச்சி என்றான். நல்ல பலமான மூக்கு, இருந்துவிட்டுப் போகட்டும்.

நோன்பை இப்போது உண்மையாகவே பிடிக்கிறான். சில நாள் முடிகிறது, சில நாள் முடியாமல் போகிறது. முடிந்த நாளில் அதை ஒருத்தியிடம் சொல்ல வேண்டும்போல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊர் முழுக்க அவனை நம்புகிறது, அவள் ஒருத்தியைத் தவிர.

முடியாமல் போன ஒரு வியாழன் பகல், வயிறு எரிய, காத்தான்குடித் தேநீர்க் கடைகளைத் தாண்டி நடந்தான். அங்கே அவனுக்கு யாரும் தேநீர் ஊற்ற மாட்டார்கள். கேட்டால் நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பார்கள். ஆரையம்பதியில் உதயரூபன் வீட்டுக்குப் போனான். உதயரூபன் வான் ஓட்டப் போயிருந்தான். அவன் மனைவி அஜந்தா முற்றத்தில் தன் சின்ன மகளுக்கு பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தவள், அவனைக் கண்டதும் கோப்பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“ஐயோ அண்ணன், குறை நினைக்காதீங்க. வியாழக்கிழமை எண்டது மறந்துபோச்சு.”

“இல்ல தங்கச்சி, நான் இண்டைக்கு நோன்பில்ல. ஒரு தேத்தண்ணி தா.”

அஜந்தா மரியாதையாகச் சிரித்தாள். “ஊர்ல எல்லாரும் சொன்னவங்க, நீங்க இப்பிடித்தான் சொல்லுவீங்களாம் எண்டு. பெரிய ஆக்கள் வெளியில காட்டிக்கொள்ள மாட்டாங்களே.”

“சத்தியமா நான் நோன்பில்ல. பசிக்குது தங்கச்சி.”

“பசிக்கும்தானே அண்ணன், பாவம்” என்று சொல்லிக்கொண்டே மகளையும் கோப்பையையும் பிஸ்கற் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, அவன் மனம் சலனப்படாதபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.